வெட்டுப்பலகைக்கு எந்தத் தடி நல்லது?

நம்ம குமரி மாவட்டத்தில் வீட்டைச் சுற்றிப் பலாவும் அயினியும் புளியும் பூவரசும் நிற்கின்றன. மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் வரைக்கும் மரக்கடையும் அறுப்பு மில்லும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. இருந்தும் அடுக்களைக்கு ஒரு வெட்டுப்பலகை வேண்டும் என்றால் உடனே போனை எடுத்து, வடக்கே எங்கோ செய்த பலகையைப் படம் பார்த்து வாங்குகிறோம். படத்தில் மரத்தின் நிறம் தெரியும், ஈரம் தெரியாது. புதுவீடு கட்டுகிற சொந்தக்காரர்கள், கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் என்று பலரும் எந்த மரம் நல்லது என்று என்னிடம் கேட்பதால் இதை விரிவாகவே எழுதிவிடுகிறேன். மரத்தின் பெயர் இரண்டாவது விஷயம். நன்றாகக் காய்ந்த மரமா, வைரம் பாய்ந்த பகுதியா, எத்தனை இஞ்ச் கனம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் கத்தி பட்டுக் கெட்ட பலகைகளைவிடத் தண்ணீர் பட்டுக் கெட்ட பலகைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம்ம அம்மாமார்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. அருவாமனையில் கத்தி நிலையாக நிற்கும், காயைப் பிடித்த கைதான் நகரும், வெட்டு எந்தப் பலகையிலும் விழாது. காலால் மிதித்துக்கொள்ளும் அந்தக் கட்டை மரமாக இருந்தாலும் அதில் கீறல் ஒன்றும் படுவதில்லை. அடுக்களை தரையிலிருந்து மேடைக்கு ஏறிய பிறகுதான், கிரானைட்டில் வைத்து வெட்டினால் கத்தி மழுங்குகிறது, இலையோ காகிதமோ விரித்து வெட்டினால் வழுக்குகிறது என்று பலகை தேவைப்பட்டது. அதனால் இதில் நமக்குப் பாட்டி சொன்ன அறிவு கொஞ்சம் குறைவு. மரம் பற்றிய அறிவு மட்டும் நிறைய இருக்கிறது, அதை அடுக்களைக்குக் கொண்டுவந்தால் போதும்.

முதலில் பிளாஸ்டிக்கா மரமா என்கிற சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மரத்தில் கிருமி ஊறிக்கொள்ளும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்து 1994-ல் வெளியிட்டார்கள். இறைச்சியிலிருந்து வரக்கூடிய பாக்டீரியாக்களை இரண்டு வகைப் பலகையிலும் விட்டுப் பார்த்தபோது, சுத்தமான மரம் 3 முதல் 10 நிமிடத்துக்குள் அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, சாதாரண அளவில் விட்ட பாக்டீரியாக்களை அதற்குப் பிறகு பெரும்பாலும் திரும்ப எடுக்கவே முடியவில்லை. பிளாஸ்டிக்கில் அவை மேலேயே கிடந்தன, ராத்திரி முழுக்க விட்டால் பெருகவும் செய்தன. புதுப் பிளாஸ்டிக்கைக் கழுவுவது எளிது, ஆனால் கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவி எடுப்பது கஷ்டம் என்பதும் அவர்கள் கண்டதுதான். இன்னொரு விஷயம், மினரல் ஆயில் தடவிய மரத்திலும் முடிவு பெரிதாக மாறவில்லை. அளவுக்கு மீறிப் பாக்டீரியாவை ஊற்றி, ஈரமான சூழலில் வைத்தபோது மட்டும் மரத்திலிருந்தும் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. வருஷத்தில் பாதி நாள் காற்று ஈரமாக இருக்கிற நம்ம ஊருக்கு அந்தக் கடைசி வரி முக்கியம். மரம் காய்ந்தால்தான் அதன் நல்ல குணம் வேலை செய்யும்.

2023-ல் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரட் வெட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று, பாலிஎத்திலீன் பலகையில் வெட்டிச் சாப்பிடுகிற ஒருவருக்கு வருஷத்துக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரை மைக்ரோபிளாஸ்டிக் சேரலாம் என்று கணக்குப் போட்டது. மரத்திலிருந்தும் துகள் உதிர்கிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. பரிசோதனைக் கூடத்தில் எலியின் செல்களில் வைத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் துகளாலும் மரத் துகளாலும் கெடுதல் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உதிர்வது எதுவாக இருந்தாலும் கறியோடு வயிற்றுக்குள் போகப் போகிறது என்றால் மரம் போகட்டும் என்பது என் முடிவு. கண்ணாடிப் பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு வாரத்தில் பிச்சாத்தியின், அதாவது கத்தியின், வாய் போய்விடும்.

சரி, தண்ணீர். மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், திரும்பக் கொடுக்கும், வீட்டுக்கு வந்த பிறகும் இது நிற்பதில்லை. ஈரம் ஏறினால் அகலவாக்கில் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. அகலத்திலும், வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம் மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வினால்தான் பலகை வளைகிறது, கிண்ணம்போல் குழிகிறது, மேடையில் வைத்தால் ஆடுகிறது. ராஜஸ்தான் பக்கம் வறண்ட காற்றில் காய்ந்து, அங்கேயே மட்டமாக இழைத்த பலகை ஒன்று ஆனி ஆடி மழையில் குளச்சலுக்கோ குலசேகரத்துக்கோ வந்து இறங்கினால் என்ன செய்யும்? குடிக்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு தொடங்கிவிடுகிற ஊர் இது, இரண்டு மழையிலும் நனைகிற மாவட்டத்தில் பலகை வாங்குகிறோம் என்பதை மறக்கவே கூடாது.

அதனால் பலகையைக் கையில் எடுத்ததும் அதன் தலைப்பக்கத்தை, அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் கனத்தில் நிமிர்ந்து நின்றால் நல்லது, அது அதிகம் வளையாது. கோடுகள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் அந்தப் பலகை ஒருநாள் குழியும். மரத்தின் நட்டநடுப் புள்ளி பலகைக்குள் வந்திருந்தால் எத்தனை மலிவானாலும் வாங்காதீர்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வெளுத்த பகுதியைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள், கறுத்த உள்பகுதிதான் வைரம். வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சிக்கும் பூசணத்துக்கும் அதுதான் முதல் தீனி. ஒரு ஓரத்தில் விரல் அகலம் வெள்ளை வந்தாலும் நான் ஒதுக்கிவிடச் சொல்வேன்.

இனி மரங்கள். எனக்குப் பிடித்தது பலா, இதில் ஒளிவுமறைவு இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாத்தடியில் செதுக்கிய தூணைப் பார்த்திருப்பார்கள், இத்தனை நூற்றாண்டு கழித்தும் அதன் கொடிவேலை அப்படியே நிற்கிறது. வீணைக்குடமும் பலாவில்தான் குடைகிறார்கள். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கும் பிறகு காப்பி நிறத்துக்கும் போகும். கத்தியின் வாயைக் கெடுக்காத அளவு மென்மை, ஆனால் அழுத்தினால் குழியாத அளவு கெட்டி. பழைய காலத்தில் பௌத்தத் துறவிகளின் உடைக்குப் பலாச் சிராயைக் கொதிக்க வைத்தும் மஞ்சள் ஏற்றினார்கள், அதே மஞ்சள் புதுப்பலகையை முதல் சில தடவை கழுவும்போது தண்ணீரில் இறங்கினால் பயப்பட வேண்டாம். அயினி பலாவுக்குச் சொந்தக்காரன், கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள், வள்ளம் கட்டவும் கதவு நிலைக்கும் போன மரம். தண்ணீரைத் தாங்கும் விஷயத்தில் அது பலாவுக்கு ஒரு படி மேல் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் நார் கொஞ்சம் முரடு, இழைத்து உப்புத்தாள் போடுவதில் சோம்பல் கூடாது.

எலும்பு வெட்டவும் பெரிய சூரையைத் துண்டு போடவும் புளிதான். எந்த இறைச்சிக் கடையிலும் போய்ப் பாருங்கள், முன்னால் நிற்கிற கட்டை பெரும்பாலும் புளியாகத்தான் இருக்கும். அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது, சிராய் எழும்பாது. அந்தக் கட்டையை மரத்தைக் குறுக்கே அறுத்து நிமிர்த்தி வைத்திருப்பதும் காரணத்தோடுதான். தென்னை ஈர்க்கில்களைக் கட்டாகக் கட்டி நிமிர்த்தி வைத்து அதன் நுனியில் கத்தியை இறக்கினால் ஈர்க்கில்கள் விலகிக்கொடுத்துத் திரும்பச் சேருமே, அதேபோல் குறுக்கே அறுத்த முகத்தில் நார்கள் விலகி வெட்டை வாங்கிக்கொள்கின்றன. கத்திக்கும் நல்லது, கட்டைக்கும் நல்லது. ஆனால் அந்த முகம் தண்ணீரை உறிஞ்சுவதும் அதே வேகத்தில்தான், கனமும் அதிகம் வேண்டும், குறைந்தது 3 இஞ்ச் இல்லாமல் செய்யக்கூடாது. தினசரி காய்க்கு நீளவாக்கில் அறுத்த பலகையே போதும், குறுக்கே அறுத்த கட்டை மீன், இறைச்சி நிறையச் செய்கிற வீட்டுக்கு.

பூவரசை யாரும் நினைப்பதில்லை, அது எனக்கு வருத்தம். வேலியில் நிற்கிறதே என்று இளக்காரமாகப் பார்க்கிறோம். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்திலும் சாப்பாட்டுக் கிண்ணங்கள் குடைந்தார்கள், உணவுக்கு மரத்தின் ருசி ஏறாது என்பதற்காக. நல்ல அகலத்தில் வைரம் கிடைப்பது அரிது, கிடைத்தால் விடாதீர்கள், சின்னப் பலகைக்கு அதைவிட வேறு வேண்டாம்.

தேக்கு? நல்ல மரம்தான், அதன் எண்ணெய்ப்பசை தண்ணீரை விரட்டும், வளைவு குறைவு. அதில் இருக்கும் சிலிக்கா கத்தியைக் கொஞ்சம் வேகமாக மழுக்கும், அதைத் தவிரக் குறை சொல்ல முடியாது. விலைக்கு ஏற்ற மரமா என்று கேட்டால், பலா கிடைக்கிற ஊரில் தேவையில்லை என்பேன். ரப்பர் மரப் பலகைகள் கடைகளில் நிறைய வருகின்றன. கீரிப்பாறை தொடங்கி மேற்கே எல்லாம் ரப்பர்தான், பால் வற்றிய மரத்தை வெட்டிச் சாமான் செய்வது நல்ல காரியம். ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்து மிக அதிகம், வெட்டிய ஓரிரு நாளிலேயே போரான் மருந்தேற்றிச் சூளையில் காய வைக்காவிட்டால் நீலம் பாய்ந்து பூச்சி விழுந்துவிடும். போரான் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் நாள்தோறும் நனைகிற பலகைக்கு எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தென்னையும் பனையும் வேண்டாம், அவற்றில் வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு, கத்தி பட்டால் நார் நாராகக் கிளம்பும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், மருந்துக்கு அது சரி, நறுக்கிய வெள்ளரிக்காய்க்கு வேண்டாம். வேம்புப் பலகையைக் கிருமிநாசினி என்று விளம்பரம் செய்கிறார்கள், காய்ந்த வேம்பு நல்ல உறுதியான மரம் என்ற அளவில் வாங்கலாம், கழுவாமல் விட்டால் அது தானே சுத்தமாகிக்கொள்ளும் என்று நம்பி வாங்க வேண்டாம். மூங்கில் பலகை என்பது கீற்றுகளைப் பசையால் ஒட்டியது, பசையின் தரம்தான் அதன் ஆயுள். நஞ்சுள்ள எட்டி மரத்தை எந்தக் காரணத்துக்கும் அடுக்களைக்குள் ஏற்றாதீர்கள்.

வாங்குவது எங்கே என்றால், மரக்கடையில் கழிவுத் துண்டு கேளுங்கள். கதவு, நிலை, ஜன்னல் அறுத்து மிஞ்சிய துண்டுகள் ஒரு மூலையில் கிடக்கும், நமக்கு வேண்டியது ஒன்றரை அடிதான். அறுத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டும். காற்றில் காய்வதற்கு ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மரக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. தட்டிப் பார்த்தால் காய்ந்த மரம் கணீரென்று கேட்கும், ஈரத்தடி மந்தமாகக் கேட்கும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கிறார்கள், அந்த உத்திரமும் நிலையும் பலகையும் பழைய சாமான் விற்கிற இடங்களில் கிடைக்கின்றன. தலைமுறைக் கணக்கில் காய்ந்த பலா, அயினி, அதைப்போல் இனி ஒரு மரம் காயப்போவதில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பெயின்ட் அடித்த துண்டைத் தொடாதீர்கள். கூரைத் தடிகளில் கரையானுக்காகக் கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெய் பூசுவது இந்தப் பக்கம் வழக்கம், அது தோலைப் புண்ணாக்கும், கறுத்துப் பிசுக்கேறிய கழுக்கோல் எதுவும் அடுக்களைக்கு ஆகாது. மச்சுப்பலகை, படிக்கட்டு, கதவின் உள்சட்டம் போன்றவற்றை இழைத்து உள்மரத்தைப் பார்த்து எடுக்கலாம். பழைய ஆணி உள்ளே முறிந்து கிடக்கும், இழைப்பதற்கு முன் காந்தம் ஓட்டச் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பலகை இழைத்துத் தருகிற ஆசாரி வயதானவர், என் அப்பா காலத்துப் பழக்கம். ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் ஒன்று வேண்டும், நல்லா மினுமினுன்னு பாலிஷ் போட்டுக் கொடுங்க அண்ணே என்று கேட்டபோது அவர் சொன்னார்: “பாலிசு எதுக்கு பிள்ளே? தண்ணில கெடக்கப்போற சாமானம், கத்தி படும்போ செதில் செதிலா எளவி கறிக்குள்ள போவும். எண்ணெ தேச்சா போரும், கொள்ளாம்.” அவர் சொன்னது முழுக்க உண்மை. வார்னிஷ், மெலமின், பிரெஞ்சு பாலிஷ் எதுவும் வேண்டாம். கடையில் வாங்குகிற பலகை கண்ணாடிபோல் பளபளத்தால் அதுவே வேண்டாம் என்பதற்குக் காரணம்.

அளவைப் பற்றி ஆசைப்படாதீர்கள். 18-க்கு 12 இஞ்ச், ஒன்றரை இஞ்ச் கனம் என்றால் தேக்கில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வரும். நாள்தோறும் அதைத் தூக்கித் தொட்டியில் கழுவி நிமிர்த்தி வைக்க வேண்டும், முட்டியும் தோளும் வலிக்கிற அம்மாவுக்கு அது தண்டனை, கடைசியில் கழுவாமலே துடைத்து வைத்துவிடுவார்கள். 15-க்கு 10, ஒன்றேகால் இஞ்ச் என்றால் இரண்டு கிலோ, ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஒரு இஞ்சுக்குக் கீழே போகாதீர்கள், சீக்கிரம் வளையும், திரும்ப இழைக்கவும் இடம் இருக்காது. அடியில் ரப்பர் கால் வேண்டாம், இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டினால் தேய்மானம் சமமாகும், வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் போதும். சாறு ஓடுகிற சால் மீன் பலகைக்கு உதவும், காய்ப் பலகைக்கு அழுக்கு சேரத்தான் உதவும். ஒரே துண்டில் கிடைத்தால் ஒட்டுப்போட்டதை விட எப்போதும் மேல், 10 இஞ்ச் அகலம் பலாவில் எளிதாகவே கிடைக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின் ஐ.பி. போதும், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதேதான், கண்ணாடிபோல் தெளிவானது, மருந்து கலந்த வெள்ளைத் திரவம் அல்ல. அது கெடாது, வாடை வராது. தேங்காய் எண்ணெய் ஆகுமா என்றால் ஆகும். அதில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால் மற்றச் சமையல் எண்ணெய்களைவிட மெதுவாகத்தான் காறும், நம்ம ஊர் வெப்பத்தில் உறையாமல் மரத்துக்குள் இறங்கும். மெலிதாகத் தடவி மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். கடலை எண்ணெயும் சூரியகாந்தியும் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். ஹார்டுவேர் கடையில் கொதிக்க வைத்த ஆளிவிதை எண்ணெய் என்று டின்னில் விற்பது பெயின்ட் வேலைக்கானது, சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், அதைப் பலகைக்குத் தொடவே கூடாது.

இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமென்றால் தேன்மெழுகு. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ரப்பர் கொழுந்து விடும் காலத்தில் இலைக்காம்பில் ஊறும் தேனைத்தான் ஈக்கள் பெரும்பாலும் எடுக்கின்றன. தேன் பெட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். நாலு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு மெழுகு, ஒரு கிண்ணத்தில் போட்டு அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் இறக்கினால் 62, 64 டிகிரியில் உருகிக் கலக்கும், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஆறியதும் களிம்பாக இருக்கும். புதுப்பலகைக்கு முதலில் வெறும் எண்ணெயை அது குடிக்கிற மட்டும் தடவி ஒரு ராத்திரி விட்டு, மறுநாளும் அப்படியே செய்து, பிறகு இந்தக் களிம்பைத் தேய்க்கலாம். தலைப்பக்கம் இரண்டுக்கும் கூடுதலாகக் கொடுங்கள், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். தண்ணீரைத் தெளித்தால் முத்தாக நிற்காமல் உள்ளே இறங்குகிறது என்றால் அடுத்த தடவைக்கு நேரமாகிவிட்டது.

பயன்படுத்துவதில் முக்கியமானது மீனுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று தனித்தனிப் பலகை. வெங்காயமும் நெய்மீனும் ஒரே பலகையில் ஏறக்கூடாது. கழுவும்போது இரண்டு பக்கமும் நனையுங்கள், ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் பெருத்துப் பலகை வளையும். தொட்டியில் ஊறப் போடாதீர்கள், மேடையில் படுக்கவும் வைக்காதீர்கள், சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் காற்று இரண்டு பக்கமும் போகும். முற்றத்து வெயிலில் காய வைப்பது நல்லதுதானே என்று தோன்றும், உச்சி வெயில் ஒரு மணி நேரத்தில் வெடிப்பு விழ வைக்கும், நிழல்காற்று போதும். அடைமழை நாட்களில் பூசணம் பூத்துப்போனால் கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்து, துடைத்து, மின்விசிறியின் கீழே வையுங்கள். மீன் வாடைக்கும் புளிப்புத்தான் மருந்து, அந்த வாடையைக் கிளப்புகிற பொருள் காரத்தன்மை கொண்டது, எலுமிச்சையோ வினாகிரியோ அதை அடக்கிவிடும். கொல்லன் பட்டறை இரும்புக் கத்தியை ஈரத்தோடு பலகையில் விட்டால் கறுப்புத் தழும்பு விழும், அதற்கும் எலுமிச்சைச் சாறு. சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டுகிற நாளில் கத்திக்கும் கைக்கும் தடவுகிற தேங்காய் எண்ணெயைப் பலகைக்கும் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது.

இத்தனையும் செய்தாலும் சில வருஷத்தில் நடுவில் கொஞ்சம் குழியும், கீறல் நிறையும். அப்போது தூக்கிப் போடாமல் ஆசாரியிடம் கொடுத்தால் இழைப்புளி போட்டு இரண்டு பக்கமும் மெலிதாக எடுத்துத் தருவார், அடியில் புது மரம் இருக்கும், திரும்ப எண்ணெய் கொடுத்தால் போதும். ஒன்றேகால் இஞ்சில் தொடங்கிய பலகை இப்படிப் பல தடவை தாங்கும். முக்கால் இஞ்சுக்கு இறங்கிவிட்டால் அதைச் சப்பாத்தி தேய்க்கவோ தேங்காய் கீறவோ வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு அடுத்த துண்டைத் தேடலாம். நடுவே வெடிப்பு விட்டு அதற்குள் நகம் நுழைகிற பலகையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், எந்த எலுமிச்சையும் அங்கே போய்ச் சேராது, அது விறகுக்கு.